காதால் ஒரு பிழைப்பு

அடுத்தவர் பேசியதைக் கேட்டு எழுத்தாக்கிக் கொடுப்பது என் தொழில். டிரான்ஸ்கிரிப்ஷன் என்று பெயர். சென்னையில் இதற்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ‘எம்.டி.’ வழியாக வந்தவர்கள். இந்த எம்.டி. டாக்டர் பட்டம் இல்லை, மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். 1990களின் கடைசியில் அமெரிக்க மருத்துவர்கள் சொல்லி வைத்த ஒலிப்பதிவுகள் இணையம் வழியாக இங்கே வரத் தொடங்கின. அவர்களுக்கு இரவு, நமக்குப் பகல். டாக்டர் தூங்கி எழுந்து மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் அறிக்கை தயாராகிவிடும். விலங்கியலும் மைக்ரோபயாலஜியும் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த என்னைப் போன்றவர்களை இந்த நேர வித்தியாசம்தான் வாழவைத்தது.

தளவாடம் அதிகம் இல்லை. ஹெட்போன், கம்ப்யூட்டர், மேசைக்கு அடியில் ஒரு பெடல். காலை வைத்தால் ஒலி ஓடும், எடுத்தால் நிற்கும், ஓரத்தை மிதித்தால் பின்னால் போகும். 65 எழுத்து சேர்ந்தால் ஒரு லைன். லைன் கணக்கில்தான் கூலி. ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டி முடிக்கத் தேர்ந்த கைக்கே நாலு மணி நேரம் ஆகும் என்பது தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு. காதில் பிடிபடாத இடத்தில் கோடு போட்டு விட்டுவிட வேண்டும். அதற்குப் பெயர் ‘ப்ளாங்க்’. ஊகித்து நிரப்புவதைவிட ப்ளாங்க் விடுவது மேல் என்பது முதல் நாளே சொல்லித்தரும் பாடம்.

வாயில் நுழையாத மருத்துவப் பெயர்கள்தான் படுத்தும் என்று எல்லோரும் பயந்துகொண்டு வருவார்கள். உண்மையில் அவை சுலபம். ஸ்டெட்மன்ஸ் அகராதி இருக்கிறது, மருந்துப் பெயர்களுக்குத் தனிப் புத்தகம் இருக்கிறது, தேடினால் கிடைத்துவிடும். படுத்துவது அகராதியில் தேட வேண்டும் என்றே தோன்றாத சின்னச் சொற்கள். ‘பேஷன்ட் டினைஸ் செஸ்ட் பெயின்’ என்பார் டாக்டர். நெஞ்சுவலியை நோயாளி எதற்காக ‘மறுக்க’ வேண்டும், யார் அவர்மேல் குற்றம் சாட்டினார்கள்? ‘நோ மர்மர்ஸ் அப்ரிஷியேட்டட்’ என்பார். இதயத்தின் முணுமுணுப்பை யாரும் பாராட்டவில்லையா? ‘அலர்ட் அண்ட் ஓரியன்டட் டைம்ஸ் த்ரீ’ என்பார். எதை மூன்றால் பெருக்குவது?

கொஞ்ச நாள் கேட்டபின் ஒரு விஷயம் பிடிபடும். ‘டினைஸ்’ என்று சொல்லும் டாக்டர், வலி இல்லை என்று தாம் சான்று தரவில்லை. கேட்டேன், இல்லை என்றார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்கிறார். ‘நோ மர்மர்ஸ் அப்ரிஷியேட்டட்’ என்றால் என் காதுக்கு எட்டவில்லை என்று பொருள். இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லவில்லை. ‘டைம்ஸ் த்ரீ’ என்பது தான் யார், எங்கே இருக்கிறோம், இன்று என்ன நாள் என்ற மூன்றையும் நோயாளி சரியாகச் சொன்னார் என்பதன் சுருக்கம். அறிக்கைக்கு அறிக்கை திரும்பத் திரும்ப வருவதால் அர்த்தம் தேய்ந்துபோன சடங்கு வார்த்தைகள் போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றும் டாக்டர் எதுவரை பொறுப்பேற்கிறார் என்று எல்லை கட்டுகிறது. இந்தத் தொழிலில் நான் கற்ற அடிப்படைப் பாடம் இது: பேச்சு ஆங்கிலத்தில் புரியாத ஒன்று திரும்பத் திரும்ப வந்தால், அதற்கு அர்த்தம் என்ன என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது. அந்த இடத்தில் அது என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

மருத்துவத்திலிருந்து சட்டத்துக்கு மாறியபோது இந்தப் பாடம் முழுசாகக் கைகொடுத்தது. சட்ட டிரான்ஸ்கிரிப்ஷனில் பெரும்பகுதி ‘டெபாசிஷன்’. வழக்கு விசாரணைக்கு வருவதற்கு முன்பே, வக்கீல் அலுவலகத்தில் வைத்து, சாட்சிக்குச் சத்தியப்பிரமாணம் செய்வித்து, இரு தரப்பு வக்கீல்களும் கேள்வி கேட்டுப் பதிவு செய்வார்கள். நீதிபதி இருக்கமாட்டார். ஒரு வக்கீல் ‘அப்ஜெக்‌ஷன், ஃபார்ம்’ என்பார், கேள்வி அமைந்த விதம் சரியில்லை என்று. அடுத்த நொடியே அவரே தம் கட்சிக்காரரிடம் ‘யூ கேன் ஆன்சர்’ என்பார். புதிதாகக் கேட்பவருக்குத் தலை சுற்றும். ஆட்சேபித்துவிட்டுப் பதிலும் சொல்லச் சொல்கிறாரே! தீர்ப்புச் சொல்ல அங்கே யாரும் இல்லை. பின்னால் நீதிபதி முன் வாதாடுவதற்காக ஆட்சேபணையைப் பதிவில் ஏற்றிவைக்கிறார், அவ்வளவுதான்.

மருத்துவத்திலிருந்து வருபவர்கள் முதலில் மறக்க வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. டாக்டர் ‘ஸ்க்ராட்ச் தட்’ என்றால் அதற்கு முன் சொன்னதை அழித்துவிட வேண்டும். அந்தக் கட்டளையையும் தட்டக் கூடாது. வக்கீல் ‘ஸ்ட்ரைக் தட்’ என்பார். கேட்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் இங்கே எதையும் அழிக்கக் கூடாது. அரைகுறைக் கேள்வி, ‘ஸ்ட்ரைக் தட்’, திருத்திய கேள்வி மூன்றையும் வரிசையாகத் தட்ட வேண்டும். டாக்டர் தட்டச்சு செய்பவரோடு பேசுகிறார்; வக்கீல் பதிவேட்டோடு பேசுகிறார். யாரிடம் பேசப்படுகிறது என்பதை வைத்தே ஒரே மாதிரியான சொல்லின் வேலை மாறிவிடுகிறது.

டெபாசிஷன் தொடங்கும்போதே வக்கீல் சாட்சிக்குச் சொல்லிவிடுவார்: தலையாட்டாதீர்கள், வாய் திறந்து ‘யெஸ்’ அல்லது ‘நோ’ என்று சொல்லுங்கள். பத்தாம் நிமிடத்தில் சாட்சி மறந்துவிடுவார். ‘அஹ்-ஹா’ என்பார், அல்லது ‘அ-அ’ என்பார். முன்னது ஆமாம், பின்னது இல்லை. முன்னதில் நடுவே மூச்சு வரும், குரல் ஏறும். பின்னதில் நடுவே தொண்டை அடைத்துத் திறக்கும், குரல் இறங்கும். ஒரு சொத்து வழக்கே இந்த மூச்சில் தொங்கலாம். ஆகவே கவனமான வக்கீல் உடனே ‘இஸ் தட் அ யெஸ்?’ என்று கேட்பார்.

தமிழ்க் காதுக்கு இங்கே ஒரு கண்ணி உண்டு. வாயை மூடிக்கொண்டு சொல்வதில் நமக்கு ‘ம்ம்’ என்றால் சம்மதம், ‘ம்ஹூம்’ என்றால் மறுப்பு. ஆங்கிலத்தில் நடுவே மூச்சு வரும் ‘ம்-ஹ்ம்’தான் சம்மதம்! புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இந்த இரண்டையும்தான். ‘மேடம், இவர் முடியாது என்கிறாரா?’ என்று கேட்பார்கள். ‘உங்க ஊர் ம்ஹூமை மறந்துட்டு, குரல் ஏறுதா இறங்குதான்னு கேளுங்க’ என்பேன்.

‘அம்’, ‘அஹ்’ என்ற இழுப்புகள் அடுத்த வகை. பேசத் திணறுகிறவர்களின் கழிவு என்று நினைத்து விட்டுவிடத் தோன்றும். 2002-ல் ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ என்ற இரு உளவியலாளர்கள் வேறுவிதமாகச் சொன்னார்கள். ‘அஹ்’ வந்தால் பின்னால் வரும் இடைவெளி சிறியது, ‘அம்’ வந்தால் பெரியது. பேசுகிறவர் ‘கொஞ்சம் பொறுங்கள், இன்னும் முடிக்கவில்லை’ என்று கேட்கிறவருக்கு விடும் அறிவிப்பு இவை என்பது அவர்கள் வாதம். பெடல் மிதிக்கிறவர்களுக்கு இது காலுக்கே தெரியும். ‘அம்’ கேட்டால் கை விசைப்பலகையில் ஓய்வெடுக்கும்.

ஒரே சொல் இரண்டு மூன்று முறை வருவதிலும் பல சாதி உண்டு. ‘ஐ, ஐ, ஐ வென்ட் டு த’ என்று வாக்கியத்தின் தொடக்கத்தில் சின்னச் சொல் தடுக்கி நிற்பது ஒன்று. வாய் முந்திக்கொண்டது, மனம் பின்னால் வருகிறது. ‘நோ நோ நோ’ என்று ஒரே மூச்சில் அடுக்குவது இன்னொன்று. இது மூன்று மடங்கு மறுப்பு இல்லை. டான்யா ஸ்டிவர்ஸ் என்ற ஆய்வாளர் 2004-ல் எழுதிய கட்டுரை இதை அழகாகப் பிரித்துக் காட்டுகிறது: இப்படி அடுக்குகிறவர் முன்னால் வந்த ஒரு சொல்லுக்குப் பதில் சொல்லவில்லை, எதிரே இருப்பவர் விடாமல் செய்துகொண்டிருக்கும் காரியத்தையே நிறுத்தச் சொல்கிறார். டெபாசிஷனில் சாட்சி ‘நோ நோ நோ’ என்றால், அதற்கு முன்னால் நாலைந்து கேள்விகளாக வக்கீல் எதை நிறுவப் பார்த்தார் என்று தேடினால் விளங்கிவிடும். மூன்றையும் பிரித்து மூன்று வாக்கியமாக முற்றுப்புள்ளி வைத்தால் அந்தப் பொருள் போய்விடும்.

‘த திங் இஸ், இஸ் தட்’ என்பது இன்னும் விசித்திரம். படித்தவர்கள், பேராசிரியர்கள், வக்கீல்கள் எல்லோர் வாயிலும் வருகிறது. இலக்கணப்படி இரண்டாவது ‘இஸ்’ஸுக்கு இடமே இல்லை. ட்வைட் போலிஞ்சர் என்ற மொழியியலாளர் 1987-லேயே இதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார். என் காதில் படுவது இது: முதல் மூன்று சொல்லும் இறுகி ஒரே கட்டாகிவிட்டது. ‘இதோ, விஷயத்துக்கு வருகிறேன்’ என்பதற்கான முன்னறிவிப்பு அது. அதைச் சொல்லி ஒரு கணம் நிறுத்தியபின், உள்ளே இருந்த ‘இஸ்’ செலவாகிப்போனதால் வாக்கியத்துக்குப் புதிதாக ஒன்று தேவைப்படுகிறது. நடுவே காற்புள்ளி இல்லாமல் ‘இஸ் இஸ்’ என்று தட்டினால் வேர்டு மென்பொருள் இரண்டாவது சொல்லின் கீழே சிவப்புக் கோடு போடும். வரிக்கு வரி தட்டும் வேலையில் அந்தச் சிவப்பைப் பொருட்படுத்தாமல் இருக்கப் பழகுவதே ஒரு பயிற்சி.

எல்லா இரட்டிப்பும் தடுமாற்றம் இல்லை. டியூனா சாலட் வேண்டாம், ‘சாலட்-சாலட்’ வேண்டும் என்றால் இலைதழை போட்ட அசல் சாலட். ஒருவரை ‘லைக்’ பண்ணுவது வேறு, ‘லைக்-லைக்’ பண்ணுவது வேறு, பின்னது காதல். 2004-ல் நான்கு மொழியியலாளர்கள் சேர்ந்து இதற்கென்றே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். ‘வாட் டூ யூ மீன், ஹோம்-ஹோம்?’ என்று வக்கீல் கேட்கும்போது, வாடகை அறையா, பெற்றோர் வீடா என்பதுதான் கேள்வி. கை தவறி இருமுறை அடித்துவிட்டதாக நினைத்துத் திருத்தும் எடிட்டர், கேள்வியையே அழித்துவிடுவார்.

இதில் தமிழ் படித்தவர்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. பொருளில்லாமல் வரும் சொல்லைக் குப்பை என்று நம் இலக்கணம் தள்ளவில்லை. அசைநிலை என்று பேர் வைத்து உள்ளே உட்காரவைத்தது. அடுக்கி வருவதற்கும் கணக்கு உண்டு. விரைவைக் காட்டும் அடுக்கு மூன்றைத் தாண்டாது, இசைக்காக வருவது நான்கைத் தாண்டாது என்று தொல்காப்பியம் எல்லை வகுக்கிறது. நன்னூலும் அசைநிலைக்கு, பொருளுக்கு, இசை நிறைக்க என்று அடுக்கை வேலை வாரியாகப் பிரிக்கிறது. ‘பாம்பு பாம்பு’ என்ற அலறலையும் ‘போ போ போ’ என்ற விரட்டலையும் ஒரே கூடையில் போடாத இலக்கணத்தைப் பள்ளியில் படித்துவிட்டு, ஆங்கிலத்தின் ‘நோ நோ நோ’வை உளறல் என்று ஒதுக்கலாமா?

‘யெஹ், நோ’ என்று பதில் வந்தால் புதியவர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். ஆமாமா, இல்லையா? பெரும்பாலும் ‘யெஹ்’ என்பது கேள்வி புரிந்தது என்பதற்கு, ‘நோ’தான் பதில். மன்னிப்புக் கேட்பவரிடம் ‘யெஹ், நோ, யூ ஆர் ஃபைன்’ என்றால் முதல் பாதி ‘சொன்னது காதில் விழுந்தது’, மறு பாதி ‘அதெல்லாம் ஒன்றுமில்லை’. இரண்டையும் தட்ட வேண்டும், நடுவே காற்புள்ளியா முற்றுப்புள்ளியா என்பதை நிறுத்தத்தின் நீளம் சொல்லும். ‘லைக்’ அதைவிட ஆபத்து. ‘ஐ வாஸ் லைக், யூ ஆர் க்ரேஸி’ என்று சாட்சி சொன்னால், அவர் எதிராளியின் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னாரா, மனசுக்குள் நினைத்தாரா? அந்த ‘லைக்’ இரண்டுக்கும் இடம் கொடுக்கும். மேற்கோள் குறி போட்டால் சொன்னதாக ஆகிவிடும். எங்கள் இடத்தில் போடமாட்டோம். சொன்னாரா என்று கேட்டு உறுதி செய்வது வக்கீலின் வேலை, எங்கள் வேலை அல்ல.

இந்தச் சில்லறைச் சத்தங்களுக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவர் எங்கள் தொழில்காரர் என்பதில் எனக்குப் பெருமை. கெயில் ஜெஃபர்சன் 1960களில் லாஸ் ஏஞ்சலிஸில் கிளார்க்-டைப்பிஸ்டாக இருந்து ஒலிப்பதிவுகளைத் தட்டியவர். பிறகு ஹார்வி சாக்ஸ் என்ற சமூகவியலாளரின் வகுப்பில் சேர்ந்தார். மூச்சு, சிரிப்பு, இழுப்பு, ஒருவர் பேச்சின்மேல் இன்னொருவர் ஏறுவது, நொடியின் பத்தில் ஒரு பங்கு மௌனம் வரை காட்டும் குறியீடுகளை உருவாக்கினார். சாக்ஸ், அவருடைய சக ஆய்வாளர் ஷெக்லாஃப், ஜெஃபர்சன் மூவரும் 1974-ல் எழுதிய, உரையாடலில் முறை மாற்றிப் பேசுவது பற்றிய கட்டுரையை இன்றும் உலகமெங்கும் படிக்கிறார்கள். பேச்சை ஆராய்வதற்கு முன்னால் அதை உள்ளபடி தட்டத் தெரிந்த ஒரு கை தேவைப்பட்டது.

ஆனால் எங்களுக்கு வரும் ஆர்டரில் பாதிக்கு மேல் ‘க்ளீன் வெர்பேட்டிம்’. அதாவது அம், அஹ், யூ நோ, ஐ மீன், தடுக்கல் எல்லாம் நீக்கிச் சுத்தமாகத் தர வேண்டும். கருத்தரங்கு, பேட்டி, கம்பெனிக் கூட்டம் என்றால் அதில் தப்பே இல்லை, படிக்கிறவருக்கு உபகாரம். கேள்வி, யார் எதை நீக்குகிறார்கள் என்பதுதான். 1974 ஏப்ரல் 30 அன்று விசாரணை வளையத்தில் இருந்த அமெரிக்க அதிபர் நிக்சனின் வெள்ளை மாளிகை, அவர் உரையாடல்களைப் பதிந்த ரகசிய ஒலிநாடாக்களின் எழுத்து வடிவத்தை ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களில் தானே தயாரித்து வெளியிட்டது. வசவு வந்த இடங்களில் ‘எக்ஸ்ப்ளெடிவ் டெலிடட்’ என்று அடைப்புக்குறி. நாடாளுமன்றக் குழு சில நாடாக்களைத் தன் ஆட்களை வைத்துக் கேட்டுத் தட்டியபோது, வெள்ளை மாளிகைப் பிரதியில் கேட்கவில்லை என்று விட்டிருந்ததும், விடுபட்டிருந்ததுமான பேச்சு வெளியே வந்தது. ஆகஸ்டில் நிக்சன் பதவி விலகினார். ப்ளாங்க் விடுவது நேர்மை என்று எங்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். யார் விடுகிறார் என்பதைப் பொறுத்து அதுவே நேர்மையின்மையும் ஆகும்.

இதைவிட என்னைத் தொந்தரவு செய்த வழக்கு 2017-ல் லூசியானா மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. போலீஸ் விசாரணையில் இருந்த ஒரு கறுப்பின இளைஞர், ‘நான் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும், எனக்கு ஒரு லாயரைக் கொடுங்கள் டாக்’ என்ற பொருளில் பேசியிருந்தார். ‘டாக்’ அங்கே ‘மச்சி’ மாதிரி ஒரு விளி. பதிவில் அது ‘லாயர் டாக்’ என்று, காற்புள்ளி இல்லாமல், நாயைக் குறிக்கும் எழுத்துக்கூட்டோடு ஏறியிருந்தது. நீதிமன்றம் அவர் முறையீட்டை ஏற்கவில்லை. அந்த இளைஞர் வக்கீலைக் கேட்டது தெளிவாக இல்லை என்று சொல்லி, ஒரு நீதிபதி தம் குறிப்பில் அந்த ‘லாயர் டாக்’கையே எடுத்துக்காட்டினார். விளிக்கு முன்னால் ஒரு காற்புள்ளி போடுவது தட்டச்சு மேசையில் அரை நொடி வேலை.

இரண்டு ஆண்டு கழித்து, 2019-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஓர் ஆய்வு வந்தது. 95 சதவீதத் துல்லியத்துக்குச் சான்றிதழ் பெற்ற நீதிமன்ற ஸ்டெனோகிராபர்களிடம் கறுப்பின மக்களின் ஆங்கிலத்தில் பேசிய வாக்கியங்களைக் கொடுத்தபோது, அவர்கள் சரியாக எழுதிய முழு வாக்கியங்கள் நூற்றுக்கு அறுபதைத் தொடவில்லை. அந்தப் பேச்சில் ‘ஹி பி வொர்க்கிங்’ என்றால் வழக்கமாக வேலை செய்கிறவர் என்று பொருள். இந்த நிமிடம் செய்கிறாரா என்பதைச் சொல்லாது. அந்த ‘பி’யைக் கொச்சை என்று நினைப்பவருக்குக் காதில் அது விழுந்தாலும் கையில் வராது. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் நிலை இது. இங்கிருந்து தட்டுகிற எங்களுக்கு ஒரு சிறு அனுகூலம், எந்த ஆங்கிலமும் எங்கள் வீட்டு ஆங்கிலம் இல்லை என்பது. எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டே ஆக வேண்டும்.

இப்போது முதல் பிரதியைத் தட்டுவது மென்பொருள். எங்கள் பெயர் எடிட்டர் என்று மாறிவிட்டது, லைன் கூலியும் இறங்கிவிட்டது. மென்பொருளின் பிரதி பார்க்க அழகாக இருக்கும். அம் இல்லை, அஹ் இல்லை, தடுக்கல் இல்லை. எழுத்து ஆங்கிலத்தை நிறையப் படித்துப் பழகியதால் அது பேச்சை எழுத்தாகவே கேட்கிறது. 2024-ல் வெளியான ஓர் ஆய்வு, விஸ்பர் என்ற மென்பொருள் ஏறக்குறைய நூற்றில் ஒரு பதிவுத் துண்டில் யாரும் பேசாத வார்த்தைகளைச் சேர்த்திருந்ததாகக் காட்டியது. மூளைப் பாதிப்பால் நீண்ட இடைவெளி விட்டுப் பேசுகிறவர்களின் பதிவில் அது இன்னும் அதிகம். மௌனத்தைச் சும்மா விட அதற்குத் தெரியவில்லை. ப்ளாங்க் என்ற பாடம் அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஆகவே இப்போது பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது தலைகீழாகிவிட்டது. முன்பெல்லாம் தடுக்குகிற இடத்தில் பெடலை மிதித்துப் பின்னால் போகச் சொல்வேன். இப்போது வாக்கியம் வழுக்கிக்கொண்டு போகிற இடத்தில் நிறுத்தச் சொல்கிறேன். சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷர், வக்கீல் குறுக்கே கேட்கும்போது, நாலு வரி தடுமாறாமல் பேசினதாகத் திரையில் இருந்தால் அது அவர் பேச்சாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஒலியைப் போட்டுக் கேட்டு, விழுந்துபோன ‘யெஹ், நோ’வையும் ‘ஐ மீன்’னையும் திரும்ப எடுத்து வைக்க வேண்டும். எதை நீக்கலாம் என்று ஆர்டர் சொல்லட்டும். நீக்குவதற்கு முன்னால் அது அங்கே இருந்தது என்று ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். இன்றைக்கும் எங்களுக்குக் கூலி கொடுப்பது அதற்காகத்தான்.